சோம்பலா, சோகையா?
நம் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி ஒரு பாடம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளைகளுக்குக் கல்வி, சமயம், தமிழ், ஒழுக்கம் ஆகிய சித்திரங்களை எழுத நாம் எல்லாரும் ஆசைப்படுகிறோம். அதற்காக நன்கொடை தருகிறோம், வகுப்புகள் நடத்துகிறோம். அந்தச் சித்திரத்தைத் தாங்க வேண்டிய சுவரைப் பற்றி இம்மலரில் எழுதும்படி அறவாரியத்தார் கேட்டுக்கொண்டார்கள். அரசாங்கச் சுகாதாரப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூவேலி என்று இந்தப் பக்கத்து லயங்களிலும் கம்பங்களிலும் ஏறி இறங்கியவள். அந்த அனுபவத்தை வைத்துச் சில செய்திகளைச் சொல்லுகிறேன்.

பிள்ளைகளுக்கு வரும் பொதுவான நோய்களை வரிசைப்படுத்தினால் இந்த மலர் போதாது. சளி, இருமல், இளைப்பு, பல் சொத்தை, பேன், சிரங்கு, வயிற்றுப்போக்கு என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பிள்ளை இருமினால் காது கேட்கிறது, பல் வலித்தால் பிள்ளை அழுகிறது. உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வலிக்காமல், காய்ச்சல் காட்டாமல், மாதக்கணக்கில் உடம்புக்குள் குடியிருக்கும் குறை ஒன்று உண்டு. அதற்கு நாம் மருந்து கொடுப்பதில்லை, திட்டுத்தான் கொடுக்கிறோம். "சோம்பேறி" என்று பெயரும் வைத்துவிடுகிறோம். அதுதான் இரத்தச் சோகை. இந்த ஆண்டு அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சோகை என்பது என்ன?

நம் இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்ற பொருள். மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை நுரையீரலிலிருந்து எடுத்துக்கொண்டு போய், மூளை முதல் கால் விரல் வரை சேர்ப்பது அதன் வேலை. அதை உண்டாக்க இரும்புச் சத்து தேவை. உடம்பில் உள்ள மொத்த இரும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அது குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் பிராணவாயு போதிய அளவு போய்ச் சேராது. அடுப்பு இருக்கிறது, விறகும் இருக்கிறது, காற்றுப் புகும் வழி அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுப்பு எப்படிப் புகைந்துகொண்டிருக்குமோ அப்படித்தான் சோகை பிடித்த பிள்ளையின் உடம்பும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய குறைந்த அளவு இது: 2 வயது முதல் 4 வயது வரை 11 கிராம், 5 முதல் 11 வயது வரை 11.5 கிராம், 12 முதல் 14 வயது வரை 12 கிராம். 15 வயதுக்கு மேல் பெண்பிள்ளைக்கு 12, ஆண்பிள்ளைக்கு 13. இதற்குக் கீழே இறங்கினால் சோகை. மலைமேல் வாழும் நமக்கு ஒரு தனிச் செய்தியும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதற்கு ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. ஆகவே உயரமான ஊர்களில் இந்த எல்லையைச் சற்று உயர்த்தியே கணக்கிட வேண்டும் என்று அதே வழிகாட்டி கூறுகிறது. சமவெளியில் "பரவாயில்லை" என்று சொல்லத்தக்க அளவு, இங்கே குறைவாக இருக்கக்கூடும்.

இது ஏழை நாட்டு நோய், நமக்கு வராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு நால்வர் சோகையுடன் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் மலேசியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. அந்தப் பெண்களில் பலர் தாய்மார்கள். நாளைக்குத் தாயாகப் போகிறவர்கள் இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள், மிஸ்ஸி"

ஒரு வீட்டுக்கு நான் வேறு காரியமாகப் போனேன். கைக்குழந்தைக்கு ஊசி போடும் நாள் தவறிவிட்டது என்று நினைவூட்டப் போனது. குழந்தையின் அக்காள் இரண்டாம் படிவத்தில் படிக்கும் பெண். நடுப்பகலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அந்தத் தாய் என்னிடம், "எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள், மிஸ்ஸி. சொன்ன வேலையைச் செய்வதில்லை. பரீட்சையிலும் மார்க் குறைந்துவிட்டது. வயதுக்கு வந்ததிலிருந்து திமிர்தான் கூடியிருக்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணை ஜன்னலோரம் அழைத்து, கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடந்தது. நாக்கும் நகமும் அப்படியே. "மேடு ஏறும்போது மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். "வேறென்ன சாப்பிடத் தோன்றுகிறது?" என்று கேட்டபோது தாயைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு, பச்சரிசியை மென்று தின்பதாக மெல்லச் சொன்னாள். தாய்க்கு அது தெரியாது. மறுவாரம் கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது.

பச்சரிசி, சாக்குக்கட்டி, மண், ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்னும் ஆசை இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இதைக் கெட்ட பழக்கம் என்று அடிப்பது சரியன்று. தலைவலி, தலைச்சுற்றல், கவனக்குறைவு, எரிச்சல், முடி உதிர்தல், எளிதில் குளிருதல், விளையாட்டில் பின்வாங்குதல் ஆகியவையும் சோகையின் அடையாளங்களாக இருக்கலாம். இந்த அடையாளங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. ஆகவேதான் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அவற்றைக் குணத்தின் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள்.

சோம்பலுக்கும் சோகைக்கும் உள்ள தொடர்பை ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இலங்கைத் தோட்டமொன்றில் நடந்த அந்த ஆய்வு 1979-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து போன குடும்பத்தினர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இரும்பு மாத்திரையும், இன்னொரு பிரிவினருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தபோது, இரும்பினால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்திருந்தார்கள். மிகவும் வெளுத்திருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. வேலை நேரத்தில் மட்டுமின்றி அன்றாட வாழ்க்கையிலும் அவர்களுடைய நடமாட்டம் கூடியிருந்தது. யாரும் அவர்களுக்குச் சுறுசுறுப்பைப் பற்றிப் புத்தி சொல்லவில்லை. இரத்தத்தில் குறைந்திருந்ததைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகளிடமும் இதையே கண்டார்கள். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்று 1993-இல் லான்செட் இதழில் வந்தது. சோகை பிடித்த குழந்தைகளுக்கு நான்கு மாதம் இரும்புச் சத்துக் கொடுத்தபோது, அறிவு வளர்ச்சிச் சோதனைகளில் அவர்கள் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். வெறும் மருந்து பெற்ற குழந்தைகள் பின்தங்கியே நின்றார்கள். பள்ளிக்கூட மேசையில் அமர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பிள்ளையின் படிப்பு தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வயிறு நிறைந்தும் தீராத பசி

"என் பிள்ளைக்கு நான் ஒரு வேளையும் சோறு குறைக்கவில்லையே, அவனுக்கு எப்படிச் சத்துக் குறையும்?" என்று சில தாய்மார்கள் மனம் வருந்திக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் மலாயாவின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. ஆனால் தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. இதைக் கவனித்த பிராடன் என்ற மருத்துவர், தீட்டிய பச்சரிசி உண்பவர்களுக்கு நோய் வருகிறது, புழுங்கல் அரிசி உண்ணும் தமிழர்களுக்கு வருவதில்லை என்று 1907-இல் எழுதினார். 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் அடுத்த சில ஆண்டுகளில் சோதனை செய்து அரிசியே காரணம் என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சையாகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடுகிறது. இரு சாராரும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். ஒரு சாராரின் தட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இல்லை.

நம் பாட்டன்மார்களைப் புழுங்கல் அரிசி காத்தது. இன்று நம் பேரப்பிள்ளைகளின் தட்டில் குறைவது இரும்பு.

தேநீரும் இரும்பும்

இப்போது சொல்லப்போவதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்லுகிறேன். தேயிலை நம்மை வாழ வைத்த செடி. 1929-இல் போ தேயிலை நிறுவனம் இந்த மலையில் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. இன்று கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் காய்கறித் தோட்டம், கடை, அரசாங்க உத்தியோகம் என்று மாறிவிட்டார்கள். ஆனாலும் தேநீர் நம்மை விட்டுப் போகவில்லை. குளிருக்கு அது வேண்டியிருக்கிறது. விடிந்ததும் ஒரு குவளை, சாப்பாட்டோடு ஒரு குவளை, விருந்தாளி வந்தால் ஒரு குவளை. தேநீரைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. அதைக் குடிக்கும் நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேயிலையில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் உண்டு. அவை சோறு, கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்போடு குடலில் ஒட்டிக்கொண்டு, அதை உடம்பில் சேரவிடாமல் செய்துவிடுகின்றன. 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்துச் சோதித்தார்கள். தேநீரோடு உண்டபோது உடம்பில் சேர்ந்த இரும்பு வெகுவாகக் குறைந்தது. 1983-இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், இறைச்சி கலந்த உணவோடு ஒரு குவளை தேநீர் குடித்தால் சேரும் இரும்பு 64 விழுக்காடும், காப்பி குடித்தால் 39 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டார்கள். பால் ஊற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பால் சேர்த்தும் பெரிய மாற்றமில்லை என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. தே ஓ ஆனாலும் தே தாரிக் ஆனாலும் கதை ஒன்றுதான்.

அப்படியானால் என்ன செய்வது? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்த காப்பி இரும்பைத் தடுக்கவில்லை என்று மேற்சொன்ன அமெரிக்க ஆய்வே சொல்லுகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் அதன் தடை குறைகிறது என்று 2017-இல் வந்த ஆய்வு ஒன்று சொல்லுகிறது. ஆகவே பெரியவர்கள் தேநீரைச் சாப்பாட்டிலிருந்து விலக்கி, இடைப்பட்ட நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் பொறுப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு வெந்நீரோ சீரகத் தண்ணீரோ போதும். இதற்கு ஒரு காசும் செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பால்புட்டியில் தேநீர்

கைக்குழந்தையின் புட்டியில் இனிப்புத் தேநீரை ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். குழந்தை அழுகையை நிறுத்துகிறது, தூங்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் விலை பெரிது. 1985-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், தேநீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 32.6 விழுக்காட்டினருக்கும், கொடுக்கப்படாத குழந்தைகளில் 3.5 விழுக்காட்டினருக்கும் இரும்புக் குறைவைக் காட்டும் சோகை இருந்தது. தேநீரிலுள்ள சர்க்கரை முளைத்து வரும் பல்லையும் சொத்தையாக்கும். டின்னில் வரும் கெட்டிப் பாலும் குழந்தைக்கு உரிய பால் அன்று.

தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரை தாங்கும். தாய்ப்பால் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஆறு மாதம் ஆனதும் அதோடு மசித்த பருப்பு, முட்டை, மீன், ஈரல், கீரை என்று திட உணவையும் தொடங்கிவிட வேண்டும். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால் அதுவும் சோகைக்கு வழி வகுக்கும்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளை

பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, எள்ளும் வெல்லமும் என்று ஊட்டி வளர்த்த சமுதாயம் நம்முடையது. மாதந்தோறும் இரத்தம் போகும் உடம்புக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதை நம் பாட்டிமார்கள் சோதனைக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். அமெரிக்க உணவுப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. பெண்பிள்ளைக்கு 15 மில்லிகிராம் தேவை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சடங்குக்கு மண்டபம் எடுத்து ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழிக்கிறோம். பதினாறு நாள் ஊட்டுகிறோம். பதினேழாம் நாள் அவள் காலையில் ஒரு குவளை தேநீரும் இரண்டு ரொட்டியும் தின்றுவிட்டுப் பஸ் ஏறுகிறாள். மீனின் நடுத்துண்டு அண்ணனுக்குப் போகிறது, வாலும் தலையும் அவளுக்கு வருகிறது. உடம்பு பருத்துவிடும் என்று அவளாகவே ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவதும் உண்டு.

தாய்மார்கள் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, துணி அடிக்கடி நனைந்துவிடுகிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

புழுவும் வெறுங்காலும்

கொக்கிப்புழு குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது அது தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. மலம் மண்ணில் கலக்கும் இடத்தில்தான் இது பரவும். மலேசியப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை தேசியப் புழு ஒழிப்புத் திட்டம் நடந்தது. கழிப்பறையும் குழாய் நீரும் வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆயினும் உள்ளே தள்ளியிருக்கும் சில குடியிருப்புகளில், குறிப்பாகப் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளிடம், இது இன்னும் இருக்கிறது. செருப்பு அணிதல், நகம் வெட்டுதல், தோட்டத்திலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல், காய்கறியை நன்றாக அலசுதல் ஆகிய நான்கும் போதும். புழு மருந்து மலிவானது, பெரும்பாலும் ஒரே ஒரு வேளை மருந்துதான். எப்போது, எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள்.

தட்டில் என்ன வைப்பது?

ஈரல், ஆட்டிறைச்சி, கோழி, மீன், நெத்திலி, கெராங் ஆகியவற்றில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரம் பருப்பு, தெம்பே, எள், கேழ்வரகு, கீரை வகைகள் எல்லாம் இருக்கின்றன. முருங்கை இந்தக் குளிரில் செழிக்காது என்றாலும் ஈப்போ பக்கமிருந்து வருகிறது. ஆனால் செடிகளிலிருந்து கிடைக்கும் இரும்பு தனியாக உள்ளே போனால் சிறு பங்குதான் சேரும். அதற்குத் துணை தேவை. வைட்டமின் சி-தான் அந்தத் துணை.

இங்கேதான் நம் மலையின் பெருமை. தேயிலை விளையும் இதே மண்ணில் தக்காளி விளைகிறது, குடைமிளகாய் விளைகிறது, முட்டைக்கோசும் காலிபிளவரும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன. எல்லாவற்றிலும் வைட்டமின் சி உண்டு. லாரி லாரியாகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி அனுப்புகிறோம். நம் பிள்ளையின் தட்டில் ஒரு பச்சைத் தக்காளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பருப்புக்கு எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கொய்யாவோ ஆரஞ்சோ ஒரு துண்டு கொடுங்கள். வேகவைக்கும்போது வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடும் என்பதால் கொஞ்சமாவது பச்சையாக இருக்கட்டும்.

பரணில் தூக்கிப் போட்ட இரும்புச் சட்டியையும் இறக்குங்கள். எத்தியோப்பியாவில் அலுமினியச் சட்டியில் சமைத்து உண்ட குழந்தைகளைவிட, இரும்புச் சட்டியில் சமைத்து உண்ட குழந்தைகளின் இரத்தம் தேறியது என்று 1999-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பாட்டி குழம்பு வைத்த சட்டி பாதி வைத்தியராக இருந்திருக்கிறது.

மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இத்தனையும் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கித் தாமாகவே கொடுத்துவிட வேண்டாம். சோகை எல்லாம் இரும்புக் குறைவினால் வருவதில்லை. தலசீமியா என்ற பரம்பரைக் குறையாலும் வரும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரத்தம் பார்க்காமல் இரும்பு கொடுத்தால் தீங்காகலாம். நம் நாட்டில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளி மூலம் தலசீமியாப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. அந்தப் பாரம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்காமல், கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஒரு துளி இரத்தம் போதும், மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால், அதைத் தேநீரோடும் பாலோடும் கொடுக்காதீர்கள். தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு கொடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். முகம் தெளிந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் காரியம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். மாத்திரைப் புட்டியைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று ஆராய்ந்து செய்ய வேண்டும் என்பது திருவள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில் காட்டிய முறை. அந்த வரிசையைத் தவறவிடாதீர்கள்.

மேலே சொன்ன பெண்ணுக்கும் இதே வரிசையில்தான் பார்த்தார்கள். தலசீமியா இல்லை என்று தெரிந்த பிறகு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாட்டு நேரத் தேநீரை நிறுத்தினார்கள். மூன்று மாதம் சென்று அந்தத் தாயைச் சந்தையில் பார்த்தேன். "இப்போது அவள் சத்தம் தாங்க முடியவில்லை, மிஸ்ஸி. தம்பியோடு ஓயாத சண்டை" என்றார். முகத்தில் மட்டும் குறையில்லை, சிரிப்பு இருந்தது.

அன்னதானத்தில் ஒரு சிறு மாற்றம்

அறவாரியத்துக்கு வாரி வழங்கும் புரவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்னதானத்தை மிஞ்சிய தானம் இல்லை என்று நம்புகிறவர்கள் நாம். இலை எடுத்த கையோடு தேநீர் ஊற்றுவதை மட்டும் சற்றுத் தள்ளிவைத்தால், நீங்கள் அளித்த அன்னத்திலுள்ள இரும்பு உண்டவர் உடம்பில் சேரும். அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு கொடுக்கலாம். பானகம் இன்னும் சிறப்பு, அதில் சேரும் எலுமிச்சை நமக்குக் கிடைத்த பழைய மருந்து. சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டிக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுக்கலாம். சாமிக்கும் படைக்கலாம், பிள்ளைக்கும் ஆகும். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு சோடி செருப்பு, மருத்துவமனைக்குப் போய்வர வண்டிச் செலவு ஆகியவை சிறு தொகைகள்தாம். வசதி குறைந்த மாணவர்களுக்குப் பள்ளியில் காலை உணவளிக்கும் கூடுதல் உணவுத் திட்டத்தை அரசாங்கம் 1979-இல் தொடங்கியது. தகுதியுள்ள பிள்ளைகளின் பெயர் அதில் விடுபட்டிருந்தால், பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதி உதவுவதும் ஒரு தொண்டே.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையை விளக்கடியில் நிறுத்தி, கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அது சிவந்திருந்தால் மகிழ்ச்சி. வெளுத்திருந்தால் நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சிவந்திருந்தும் பிள்ளை சோர்ந்தே இருந்தால், அப்போதும் அழைத்துப் போங்கள், ஏனென்றால் சரியான அளவைச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான். அதுவரை "சோம்பேறி" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருளால் நம் பிள்ளைகள் திடமான உடலும் தெளிந்த அறிவும் பெற்று நீடு வாழ்க.